விஞ்ஞானப் பட்டதாரிகளைப் பெருக்கிய கதை

1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆம் நாள் சோவியத் நாட்டார் ஸ்புட்னிக் என்னும் செயற்கைச் சந்திரனை வானிற் செலுத்தினர். ஓராண்டு கழிவதன் முன் அமெரிக்கர் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்றொரு சட்டத்தை நிறைவேற்றி, சர்வகலாசாலை மாணவருக்குக் கடனுதவியும், விஞ்ஞானமும் கணிதமும் போதிக்கும் பாடசாலைகளுக்கு உபகரணங்களும் கிடைக்கும் வண்ணம் பெருந்தொகைப் பணத்தை ஒதுக்கினர். விஞ்ஞானம் கற்ற பட்டதாரிகள் போதாது என்ற அச்சம் ஒரு பெரு வல்லரசையே உலுப்பியது. செல்வம் படைத்த நாடு, பணத்தை வாரியிறைத்து அக்குறையை நிரப்ப முயன்றது. செல்வம் குன்றிய நாடுகளுக்கும் அதே தேவை இருந்தது, பணந்தான் இருக்கவில்லை. எந்த மொழியிற் போதிப்பது, எந்தப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் அமைப்பது, இருக்கும் சில இடங்களை எவருக்குக் கொடுப்பது என்னும் வினாக்களோடு அந்நாடுகள் மல்லாட வேண்டியிருந்தது. இலங்கையில் இவ்வினாக்களுள் முதலாவது, ஸ்புட்னிக் வானில் எழுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னதாகவே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எழுந்துவிட்டது.

அதற்கு நிலம் பண்படுத்தப்பட்ட இடம் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் அங்கே நிறுவிய செமினரி, சமயம் பரப்பும் நோக்கோடு தோன்றியதாயினும், கணிதமும் இயற்கைத் தத்துவமும் வான சாத்திரமும் அங்கே முறையாகப் போதிக்கப்பட்டன. ஓலைக் குடிசையிலிருந்து வந்த பிள்ளைகள் தொலைநோக்கியினூடாகக் கிரகங்களைப் பார்த்தனர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறொல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளையைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவராகத் தமிழுலகம் நன்கு அறியும். விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்ற பெயரில் அட்சர கணித நூலொன்றைத் தமிழில் ஆக்கித் தந்தவர் என்பதை அறிந்தோர் குறைவு. இருவரும் ஒரே வகுப்பறையிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை நினைத்தால், அக்காலத்தில் தமிழுக்கும் கணிதத்துக்கும் இடையே மதில் எதுவும் எழுந்திருக்கவில்லை என்பது புலனாகும். செமினரி 1855 இல் மூடப்பட்டது. அங்கே மூண்ட ஆசை மட்டும் அணையவில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. நோயாளரைப் பார்த்துக்கொண்டே மறு ஆண்டில் சில மாணவரைச் சேர்த்து வைத்திய வகுப்பொன்றைத் தொடங்கினார். பின்னர் மானிப்பாயே அவருடைய நிலையமாயிற்று. தொடக்கத்தில் அவ்வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. தேர்ச்சி பெற்ற மாணவரும் திறமையுடையவராகவே இருந்தனர். ஆயினும் கிறீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவன் கிராமத்தில் தங்குவதில்லை. சம்பளம் தரும் அரசாங்க உத்தியோகத்தை நாடி அவன் வெளியூர் போய்விடுகிறான். ஊரிலுள்ள நோயாளி பழையபடியே இருக்கிறான். ஆகவே தமிழிலே வைத்தியம் போதித்தால், கற்றவன் தன் சனத்தோடு இருப்பான், நோயாளியின் மொழியிலே நோயை விளக்குவான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தாய்நாடு சென்று 1862 இல் மீண்டு வந்தபின், தமிழ் மூல வகுப்பை ஆரம்பித்தார்.

நூல் இல்லாமல் வகுப்பு எப்படி நடக்கும்? கிறீன் மாணவரையும் பண்டிதரையும் கூட்டி வைத்துக்கொண்டு நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினார். அங்காதிபாதம், சுகரணவாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என அவை வளர்ந்தன. கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் வகுத்துக்கொண்ட நெறி எளியது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அஃது அகப்படாவிடின் வடமொழியை நாடுவது. அங்கும் கிட்டாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்ற பெயரே மூன்றாம் விதிக்குச் சான்று. இரசாயனம் என்ற சொல்லை அறியாமலா அவர் அப்படிப் பெயரிட்டார்? பொன்னாக்கும் வித்தையோடும் காயகற்பத்தோடும் பிணைந்து கிடந்த பழைய சொல் புதிய சாத்திரத்தின் பொருளைத் திரித்துவிடும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். அவருடைய நெறியில் குறைகாண விரும்புவோர் காணலாம். தூய தமிழில் ஆக்கவில்லையே எனச் சிலர் பின்னாளிற் கண்டுமிருக்கின்றனர். ஆனால் அவருக்குக் காலை எட்டு மணிக்கு வகுப்பு இருந்தது; பேரகராதிக்குக் காத்திருக்க நேரமில்லை.

கிறீனிடம் வைத்தியம் கற்றுத் தேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தமிழிலேயே பயின்றவர்கள். 1873 இல் அவர் நோயுற்ற உடலோடு அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் நூற்பணியை விடாது செய்து 1884 இல் மறைந்தார். அவர் சென்றபின் தமிழ் மூல வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் கொழும்பில் வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டுவிட்டது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். தேறியவருக்கு அரசாங்க உத்தியோகம். மானிப்பாய் வைத்தியன் ஊரில் மதிக்கப்பட்டான். கொழும்பு வைத்தியனுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. பெற்றோர் எதைத் தெரிந்தெடுத்திருப்பார் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் அரை நூற்றாண்டு வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம், நடந்தவை சிலவே ஆதலால். கொழும்பு வைத்தியப் பாடசாலை 1880 இல் கல்லூரியாக உயர்ந்தது. 1892 இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. 1893 இல் மருதானையில் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை தோன்றிற்று. ஆனால் அது நெடுங்காலம் மேற்பார்வையாளரையும் நில அளவையாளரையும் தந்தி வேலையாளரையும் பயிற்றும் இடமாகவே இருந்தது. எந்திரி வேண்டுமாயின் பிரித்தானியாவிலிருந்து வருவித்தனர். குடியேற்ற நாட்டுக்குப் பாலமும் இருப்புப் பாதையும் வேண்டும். அவற்றை வரைந்து கணிக்கும் உள்ளூரவன் வேண்டியதில்லை என்பதே அக்கால ஆட்சியின் கணக்கு. 1933 அளவிலேதான் இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் வகுப்புகள் அங்கே தொடங்கின.

1906 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கத்தை அமைத்து நாட்டுக்கெனச் சர்வகலாசாலை கேட்டனர். அச்சங்கத்தில் உழைத்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமரிசகராகவே உலகம் கொண்டாடுகிறது. அவர் பயின்றது புவிச்சரிதவியல். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்து தோரியனைற்று என்ற கனிப்பொருளைக் கண்டறிந்தவர் அவர். கேட்டவர்களுக்கு 1921 இல் கிடைத்தது சர்வகலாசாலைக் கல்லூரி மட்டுமே. பட்டம் இலண்டனிலிருந்துதான் வந்தது. 1942 யூலை 1 ஆம் நாள் இலங்கைச் சர்வகலாசாலை, சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக, 904 மாணவரோடு தொடங்கியது. அறுபது இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் கலை, விஞ்ஞானம், மருத்துவம் யாவும் சேர்ந்த மொத்தத் தொகை அது.

சுதந்திரத்தின் பின் வேகம் சற்றுக் கூடியது. 1950 இல் பொறியியற் பீடம் கொழும்பில் தற்காலிகக் கட்டடங்களில் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து மாணவர் அளவிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அதன் முதற் பீடாதிபதியாக இருந்து கட்டியெழுப்பியவர் பேராசிரியர் ஆர். எச். போல். பௌதிகத்தில் பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனமும் கணிதத்தில் பேராசிரியர் சி. ஜே. எலியேசரும் அக்காலத்து விஞ்ஞான பீடத்தின் தூண்களாக விளங்கினர். எலியேசர் கேம்பிரிட்ஜில் டிறாக்கின் மாணவராக இருந்தவர். 1960 இல் பிறேமளா சிவப்பிரகாசபிள்ளை பொறியியற் பீடத்திற் சேர்ந்து, இலங்கையின் முதற் பெண் பொறியியலாளராக வெளியேறினார். பத்தாண்டுகளாக ஆண்கள் மட்டுமே நடமாடிய வரைபடக் கூடத்தில் ஒரு பெண் அமர்ந்தார் என்பது சிறு செய்தியன்று. பொறியியற் பீடம் 1964 அளவில் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1960 இல் கனடிய உதவியோடு நிறுவப்பட்ட செய்முறைத் தொழினுட்ப நிலையம் 1966 இல் தொழினுட்பவியற் கல்லூரியாகி, 1972 இல் சர்வகலாசாலை வளாகமாகி, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. பேராதனையில் 1962 இல் இரண்டாவது மருத்துவ பீடமும் தோன்றிற்று.

இவ்வளவும் மேல்வாசலின் கதை. விஞ்ஞானப் பட்டதாரியின் தொகையைத் தீர்மானித்ததோ கீழ்வாசல். பதினைந்து வயதிலே ஒரு பிள்ளை பௌதிகமும் இரசாயனமும் கற்கும் வாய்ப்புப் பெறாவிட்டால், எத்தனை பீடங்களைக் கட்டினாலும் அப்பிள்ளை அங்கு வந்து சேரமாட்டாது. வரலாறு படிப்பிக்க ஓர் ஆசிரியரும் கரும்பலகையும் போதும். இரசாயனம் படிப்பிக்கத் தராசு வேண்டும், அளவியும் குழாயியும் வேண்டும், குழாய்நீர் வேண்டும், தூய அமிலமும் உப்பும் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை கப்பலில் வந்து இறங்க வேண்டியவை. வாயு வசதியற்ற ஊர்களில் மதுசார விளக்கை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். பண்பறி பகுப்புக்காக ஐதரசன் சல்பைட்டு தயாரிக்கும் கிப்பின் உபகரணம் இருந்த பாடசாலையை, அழுகிய முட்டை நாற்றத்தைக்கொண்டு வீதியிலே போகிறவரும் அறிந்துகொள்ளலாம். அந்த நாற்றம் வீசிய பாடசாலைகள் நாடு முழுவதிலும் மிகச் சிலவே. கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய நகரங்களையும் அவற்றின் அயலையும் விட்டு உள்நாட்டுக்குப் போனால் அவை அருகிவிடும். மொனராகலையிலும் மன்னாரிலும் அனுராதபுரத்துக் குடியேற்றங்களிலும் பிறந்த பிள்ளைக்கு விஞ்ஞானம் என்பது புத்தகத்திற் படமாகவே இருந்தது.

யாழ்ப்பாணம் இவ்விடயத்தில் முந்திக்கொண்டதற்குக் காரணம் மண்ணின் தனிப் பெருமையன்று, மண்ணின் வறுமையே. ஆறு இல்லை, பெருந்தோட்டம் இல்லை, பிரித்துப் பிரித்துச் சிறுத்துப்போன காணித் துண்டுகள். உத்தியோகமே வயல், கல்வியே கிணறு என்று குடும்பங்கள் நம்பின. மிசனரிமாரின் பாடசாலைகளும், அவற்றோடு போட்டியாக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடாமல் ஆய்வுகூடங்களைக் கட்டின. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், பரியோவான் கல்லூரியும், தெல்லிப்பழை மகாஜனாவும் மலாயாவிலும் கொழும்பிலும் உழைத்த பழைய மாணவரின் பணத்தால் வளர்ந்தன. கடகம் சுமந்து விற்ற தாயின் காசும் அக்கட்டடங்களிற் கலந்திருந்தது.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய மகாவித்தியாலயங்கள் எழுந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பெருவெள்ளமெனப் பாடசாலைக்கு வந்தனர். ஆனால் அவ்வெள்ளத்தின் பெரும்பகுதி கலைப் பாடங்களை நோக்கியே பாய்ந்தது. விரும்பிச் சென்றதன்று, வேறு வாய்க்கால் இல்லாமையால் சென்றது. 1960 களில் சர்வகலாசாலைகளின் கலைப் பீடங்கள் தாங்கொணா அளவுக்குப் பெருத்தன. 1959 இல் வித்தியோதயாவும் வித்தியாலங்காரமும் தோன்றியபின் அது மேலும் பெருகிற்று. பட்டம் பெற்றோருக்கு வேலை இல்லை. அதே வேளையில் பாடசாலைகளிலே விஞ்ஞான ஆசிரியருக்குப் பஞ்சம். ஆசிரியர் இன்மையால் மாணவர் இல்லை. மாணவர் இன்மையால் நாளைய ஆசிரியர் இல்லை. இந்தச் சுழலை அறுக்கப் பெருந்தொகைப் பணமும் இருபது ஆண்டுப் பொறுமையும் வேண்டியிருந்தன. இரண்டும் அரசாங்கங்களிடம் அரிதாகவே காணப்படுபவை.

போதனாமொழி மாற்றமும் இக்காலத்திலேயே நிகழ்ந்தது. ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழிக் கல்வி, ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு வகுப்பாக மேலேறிவந்தது. விஞ்ஞானப் பாடங்களே இறுதியாக மாறின. அரசகரும மொழித் திணைக்களமும் பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் கலைச்சொற் றொகுதிகளையும் பாட நூல்களையும் வெளியிட்டன. ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், காபனீரொட்சைட்டு என்று இலங்கை மாணவர் இன்றும் எழுதும் சொற்கள் அக்குழுக்களின் மேசையிலிருந்து வந்தவை. தமிழகத்து நூல்களைத் திறக்கும் இலங்கை மாணவன் ஆக்சிஜனைக் கண்டு ஒரு கணம் திகைப்பதும், தமிழக மாணவன் ஒட்சிசனைக் கண்டு முறுவலிப்பதும் உண்டு. கிறீனின் மூன்று விதிகளும் அக்குழுக்களின் ஆவணங்களில் இருந்தனவோ இல்லையோ, வேலை அவ்வழியே நடந்தது. ஆனால் சர்வகலாசாலையில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன. தமிழிலோ சிங்களத்திலோ உயர்தரம் தேறி வந்த மாணவர், முதலாண்டில் அவத்தைப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டனர்.

மொழி மாற்றத்தால் எவரும் எண்ணாத ஒரு விளைவும் ஏற்பட்டது. எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதிய காலத்தில் விடைத்தாள் எவருடையது என்பது எண்ணினாலன்றித் தெரியாது. இப்பொழுதோ சிங்கள விடைத்தாள் ஒருபுறம், தமிழ் விடைத்தாள் ஒருபுறம் எனத் தனித்தனியே குவிந்தன. தனித்தனியே குவிந்தவற்றைத் தனித்தனியே எண்ணுவது எளிது. எண்ணினர். 1969–70 கல்வியாண்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தெரிவானோருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தமிழர் எனத் தெரிந்தது. நாட்டின் குடித்தொகையில் அவர்கள் பங்கு அதனிலும் மிகக் குறைவு. தமிழ்ப் பரீட்சகர் புள்ளிகளை அள்ளி வழங்குகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது நிரூபிக்கப்படவில்லை.

1970 இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம், அடுத்த அநுமதியில் இரு மொழியினருக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளியை விதித்தது. மொத்தம் 400 புள்ளிகளில், மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டும். சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். பேராதனைப் பொறியியலுக்கு 250 உம் 227 உம். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையின் இருபுறமும் நின்று, ஆங்கிலத்திலே கற்கப்போகும் இருவரை அந்த எண்கள் வாசலில் வேறுபடுத்தின. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் என்ற புள்ளியியல் முறை வந்தது. 1974 இல் மாவட்டக் குடித்தொகைக்கேற்ப இடங்களைப் பங்கிடும் ஒதுக்கீடு அதனோடு சேர்ந்தது. 1971 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் வாழ்ந்தோர் நாட்டு மக்களில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கினர். 1974 இல் பொறியியலுக்குத் தெரிவானோரில் தமிழர் பங்கு ஆறில் ஒன்று என்னும் அளவுக்கு இறங்கியது.

இவ்விரு நடவடிக்கைகளையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். அவை ஒன்றல்ல. மொழியைக்கொண்டு வெட்டுப்புள்ளியை வகுத்தமைக்கு நியாயம் காட்டுதல் அரிது. கொழும்பின் சிறந்த பாடசாலையிற் பயின்ற சிங்கள மாணவனுக்கும் அது சலுகை தந்தது, மன்னாரில் ஆய்வுகூடத்தையே காணாத தமிழ் மாணவனுக்கு அது தடையாயிற்று. மாவட்ட ஒதுக்கீடோ, குறைந்தது, ஆய்வுகூடம் இல்லாத இடம் எது என்று கேட்டது. அதனால் கண்டிப் பகுதிச் சிங்களப் பிள்ளைகளோடு முஸ்லிம் பிள்ளைகளும், மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளும் சில இடங்களைப் பெற்றனர். எனினும் இரண்டிலும் ஒரு பொதுக்குறை இருந்தது. இருந்த ஆசனங்களை மாற்றிப் பங்கிட்டனவேயன்றி, தேவைக்கேற்ற புதிய ஆசனங்களையும் புதிய ஆய்வுகூடங்களையும் அவை ஆக்கவில்லை. வெட்டுப்புள்ளியை மாற்ற ஒரு சுற்றுநிருபம் போதும். மொனராகலையில் ஓர் ஆய்வுகூடம் கட்டி, அதில் ஓர் ஆசிரியரை நிலைநிறுத்தப் பத்தாண்டு வேண்டும். 249 புள்ளியோடு வீட்டில் இருந்துவிட்ட இளைஞரின் மனக்கசப்பு, பின்னர் வடக்கில் எழுந்த இளைஞர் இயக்கங்களுக்கு ஊட்டமளித்த காரணங்களுள் ஒன்று என வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். வேறு காரணங்களும் இருந்தன என்பதும் உண்மை. 1970 களின் பிற்பகுதியிலிருந்து மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டு, திறமை, மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என மூவகைப் பங்கீடு படிப்படியாக நிலைபெற்றது.

இத்தனை பாடுபட்டுப் பட்டம் பெற்றவர்கள் நாட்டில் தங்கினார்களா என்பது வேறொரு வினா. 1961 இலேயே பட்டதாரிகள் நாட்டில் கட்டாய சேவை புரியவேண்டும் எனச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது. 1970 களில் மருத்துவரும் பொறியியலாளரும் பிரித்தானியாவுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் மத்திய கிழக்குக்கும் தொகையாகப் புறப்பட்டனர். மானிப்பாயில் கிறீன் கண்ட அதே காட்சி, கிராமத்துக்குப் பதிலாக நாடு என்ற அளவில் மீண்டும் அரங்கேறிற்று.

1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் றலைவர். திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களில் அது தொடங்கியது. விஞ்ஞான வகுப்புகளுக்கு அங்கே இடவசதி இல்லாமையால், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதிக் கட்டடங்கள் அவற்றுக்கு அளிக்கப்பட்டன. 1823 இல் செமினரி மாணவர் வானசாத்திரம் கற்ற அதே ஊரிலே யாழ்ப்பாணத்தின் முதல் விஞ்ஞான பீடம் உயிர்பெற்றது தற்செயலேயாயினும், அங்கு ஆய்வுகூடம் இருந்தது தற்செயலன்று. முன்னோர் கட்டிவைத்திருந்தனர். மருத்துவ பீடம் 1978 இல் வந்தது. மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981 இல் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானத்தோடும் விவசாயத்தோடுமே தொடங்கி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தெற்கில் றுகுணுப் பல்கலைக்கழகம் 1999 இற் பொறியியற் பீடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் 2014 இல் முதல் மாணவரை வரவேற்றது. பேராதனையில் பொறியியற் பீடம் குடியேறி அரைநூற்றாண்டு கழிந்தபின்!

இடையிலே போர் வந்தது. 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டுத் துளி எண்ணெயில் எரியும் விளக்கொன்றை வீடுகளிலே செய்துகொண்டனர். அவ்வொளியில் நுண்கணிதமும் சேதன இரசாயனமும் படித்து, பரீட்சை எழுதி, பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் சென்றவர் பலர். குறைந்த எண்ணெயிற் கூடிய வெளிச்சம் பெறும் வகை எது என்று ஆராய்ந்ததையும் ஒரு செய்முறைப் பாடமாகவே கொள்ளலாம்.

பாடசாலைகளில் 2013 இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பத் துறை புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதன் முதற் பரீட்சை 2015 இல் நடந்தது. அடுத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொழினுட்ப பீடங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்தின் பீடம் கிளிநொச்சியில் அமைந்தது. மேல்வாசல்கள் இவ்வாறு அகன்றபோதும், கீழ்வாசல் மிக ஒடுங்கிக் கிடந்த இடம் மலைநாடு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970 களிலேதான். அதுவரை அங்கே ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பாடசாலை எனப்பட்டது. அரசாங்கப் பாடசாலைகளாக மாறிய பின்னரும், தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞான வகுப்பு நடத்தக்கூடியவை நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினவாகவே இருந்தன. அற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற சிலவற்றை நாடித் தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் மைல்கணக்கில் நடந்தும் பஸ் பிடித்தும் வரவேண்டியிருந்தது.

நுவரெலியா பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்டதால் அங்கே வெட்டுப்புள்ளி தாழ்ந்திருந்தது. அதனை அறிந்த வேறு மாவட்டப் பெற்றோர் சிலர், நல்ல ஆய்வுகூடமுள்ள தம் நகரத்திலே பிள்ளையைப் படிப்பித்து, பரீட்சைக்கு மட்டும் மலைநாட்டு முகவரி காட்டினர். தோட்டத்துப் பிள்ளைக்கென ஒதுக்கிய ஆசனத்தில் நகரத்துப் பிள்ளை அமர்ந்தது. இதனைத் தடுக்க, பரீட்சை எழுதும் மாவட்டத்திலே மாணவர் மூன்றாண்டு கற்றிருத்தல் வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. அவ்விதிப்படி ஆசனம் தோட்டத்துப் பிள்ளைக்கே உரியது. அதில் வந்து அமர்வதற்கு அப்பிள்ளையின் ஊரிலே ஒரு தராசும், ஒரு நீர்க்குழாயும், அவற்றைக் கையாளக் கற்பிக்கும் ஆசிரியரும் வேண்டும்.